தொட்டு அளந்த டாங்கி

1976, மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாநில ஆட்சி கலைக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. சங்ககிரியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த லாரி புக்கிங் ஆபீஸின் முன்னால், சேலத்திலிருந்து வந்த வண்டி ஒன்று நின்றது. டிரைவர் எஞ்சினை அணைக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“ஏனுங்ணா, உங்க டாங்கிக்காரரைப் போலீஸ் புடிச்சுட்டுப் போயிருச்சுங்க. அவரு சம்சாரம் டேசன் வாசல்ல நிக்குது. உங்களைக் கையோட கூட்டியாரச் சொல்லுச்சு.”

“எதுக்குப் புடிச்சாங்களாம்?”

“மிலிட்டரி வண்டிய அளந்தாராமாங்க. அளந்தா என்ன, தேஞ்சா போயிரும்?”

அவருக்குச் சிரிப்பு. நான் கணக்கு நோட்டை மூடினேன்.

டாங்கிக்காரர் என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் தற்காலிகத் தட்டச்சர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மனைவியோடு அயோத்தியாப்பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துச் சங்ககிரிக்கு வந்துவிடுவார். நான், என் லாரி முதலாளி, அவர் என மூன்று பேர் ராணுவ வண்டிகளைச் சிறிய அளவில் செய்துகொண்டிருந்தோம். அசலில் ஓர் அடி என்றால் எங்களுக்கு அரை அங்குலம். வெளிநாடுகளில் இதற்கென்றே பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்று பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு வாய்த்தவை பால்பவுடர் டப்பாத் தகரமும் முள்முருங்கைக் கட்டையும் குடைக்கம்பியும்தான். சக்கரத்துக்கு ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடும் குளுக்கோஸ் பாட்டிலின் ரப்பர் மூடி. ஒட்டுவதற்கு மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசை.

அளவெடுப்பது மட்டும் எங்கள் ஊர் முறை. லாரிக்குப் பாடி கட்டும் ஆசாரிகள் டேப்பை அவ்வளவாக நம்ப மாட்டார்கள். முறுக்கிய கயிற்றை வண்டியின் மேல் வைத்து இழுத்துப் பிடித்து, மூலை வருகிற இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். ஒரு வண்டிக்கு ஒரு கயிறு. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். கயிறு படாத வண்டியைச் செய்து முடிக்கக் கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம்.

அந்தச் சட்டம் பழைய வண்டிகளுக்குத் தோதானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ராணுவம் கழித்த லாரிகளை ஏலத்தில் எடுத்து, அதை வைத்தே இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. டிஸ்போசல் வண்டி என்பார்கள். முதலாளியின் முதல் வண்டி அப்படிப்பட்டதுதான். அதன் எலும்புக்கூடு பட்டறைக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதருக்குள் நின்றது. எப்போது வேண்டுமானாலும் போய்க் கயிறு போடலாம். எனக்கும் பழையவைதான் பிடிக்கும். எந்த ஆண்டு வந்தது, எந்தப் போரில் ஓடியது, எந்த ஆண்டு கைவிடப்பட்டது என்று முழுதாகச் சொல்லிவிடலாம். தட்டையான தகடுகள்; ரிவெட்டு ஆணிகளை உட்கார்ந்து எண்ணலாம்.

டாங்கிக்காரருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஆவடியில் உருவாகிக்கொண்டிருந்த விஜயந்தா டாங்கிதான் வேண்டும். 1971 போரின்போது ஏதோ ஒரு செய்தித்தாளில் டாங்கிப் படம் பார்த்ததிலிருந்து பிடித்த பித்து அது. பீரங்கியோடு சுழலும் அதன் மேல்மூடியில் ஒரு நேர்கோடுகூடக் கிடையாது என்பதைப் பெருமையாகச் சொல்வார்.

“செத்த வண்டியவே எத்தனை வாட்டிங்ணா செய்வீங்க? வருசா வருசம் திவசம் பண்ற மாதிரி இருக்குது” என்பார்.

முதலாளி விட மாட்டார். “ஏஞ்சாமி, என்ற வண்டி எனக்குச் சோறு போட்டுச்சு. உன்ற டாங்கி என்ன போட்டுச்சு? குண்டுதானே?”

“அது போட்டதுனாலதானுங்க எழுபத்தொண்ணுல நீங்க நிம்மதியாத் தூங்குனீங்க.”

“எங்க தூங்குனேன்? பவானி ரோட்டுல அச்சு முறிஞ்சு அஞ்சு நாளு உக்காந்திருந்தேன்.”

செய்தித்தாள் படத்தில் டாங்கிக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாயின் உயரத்தை உத்தேசமாக வைத்துக் கணக்குப் போட்டு, டாங்கிக்காரர் அதன் உடலைச் செய்துவிட்டார். மேல்மூடியை முள்முருங்கையில் செதுக்கி மாதக்கணக்கில் தேய்த்தார். ஆனாலும் அதை டாங்கி என்று சொல்ல மாட்டார். எங்கள் மூவரில் அந்தச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தவர் அவர்தான். “கயிறு படலீங்ணா. அதுவரைக்கும் இது வெறுந்தகரம்” என்பார். போகட்டும் என்று நாங்களே சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை.

அந்த மாசியில் அவருக்கு வேறொரு பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளாகத் தற்காலிகமாக இருந்தவர்களை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்தது. போலீஸ் விசாரணை அறிக்கை ஒன்றுதான் பாக்கி. ஆவணி வந்தால் அரசு வேலைக்கான வயது வரம்பைத் தாண்டிவிடுவார். இதை விட்டால் இன்னொரு வேலைக்கு மனுப் போடவே முடியாது. வேலை நிரந்தரமாகிவிடும் என்ற பேச்சை நம்பித்தான் அவருக்குப் பெண் கொடுத்திருந்தார்கள்.

டிரைவர் சொன்னதைக் கேட்டு முதலாளி உடனே சட்டையை மாட்டினார். “நம்ம வண்டியவும் எடு. கொண்டுபோய்க் காட்டலாம். பைத்தியம் அவன் ஒருத்தன் மட்டுமில்லைன்னு தெரியட்டும்.” நான் செய்த டிஸ்போசல் லாரியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். சேலம் போகும் லாரி ஒன்றில் ஏறினோம். வழியெல்லாம் களத்தில் காயும் மரவள்ளிக் கிழங்கு வாடை.

டாங்கிக்காரரின் மனைவி காவல் நிலையத்துக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தார்.

“நேத்து சாயங்காலம் ஆபீசு உட்டு வரலீங்ணா. ஜங்ஷன்ல மிலிட்டரி ரயிலு நின்னிருக்குது. தார்ப்பாய் போட்டு மூடுன டாங்கி. உள்ள பூந்து சக்கரத்துல கயிறு போட்டிருக்காரு. காவலுக்கு நின்னவங்க புடிச்சு இங்க உட்டுட்டாங்க. காத்தால ஊட்டுக்கு வந்து அந்த டாங்கிய எடுத்துட்டுப் போனாங்க. என்ற சேலையிலயே சுத்திட்டுப் போனாங்க.” பிறகு கேட்டார்: “வேலை போயிருமாங்ணா?”

போகாது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

உள்ளே இன்ஸ்பெக்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். மேசையின் மேல் டாங்கி. பக்கத்தில் முடிச்சுக் கயிறு. டாங்கிக்காரர் சுவரோரமாகக் கைகட்டி நின்றார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், அந்த நிலையிலும், வாயெடுத்து ஏதோ சொல்ல வந்தார். அளவு கிடைத்துவிட்டது என்று சொல்ல வந்தார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். “இந்த முடிச்செல்லாம் என்ன சங்கேதம்?”

முதலாளி முன்னால் வந்தார். “சங்கேதமெல்லாம் இல்லீங்க. லாரிக்குப் பாடி கட்டறப்ப இப்படித்தானுங்க அளப்போம்.”

“டாங்கிக்கு எவன்யா பாடி கட்டறான்?”

நான் துண்டைப் பிரித்து என் லாரியை மேசையில் வைத்தேன். நாங்கள் மூவரும் செய்வது இதுதான், பொழுதுபோக்கு, வேறொன்றும் இல்லை என்று விளக்கினேன். இன்ஸ்பெக்டர் லாரியைக் கையில் எடுத்தார். சக்கரத்தைச் சுழற்றினார். பின்கதவின் கொக்கியைத் திறந்து மூடினார். முகம் கொஞ்சம் இளகியது.

“நல்லா இருக்குய்யா. இது பொம்மை.” பிறகு டாங்கியைக் காட்டினார். “அது பொம்மை இல்ல.”

“ரெண்டும் ஒரே தகரமுங்க” என்றார் முதலாளி. “ஒரே பால் டப்பாங்க.”

“இது பழசு. எவன் வேணா பார்த்துட்டுப் போகலாம். அது இப்ப ஓடற வண்டி. காலம் எப்படி இருக்குன்னு தெரியுமில்ல?”

தெரியும். அது நெருக்கடி நிலைக் காலம்; யாரையும் எதற்கும் உள்ளே வைக்கக்கூடிய ஆண்டு. பழைய வண்டியா புது வண்டியா என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை முடிவுக்கு வராத எங்கள் வாதத்தை அவர் ஒரு மூச்சில் தீர்த்துவிட்டார்.

நான் வேலையைப் பற்றிச் சொன்னேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. “அவன் விசாரணைப் பேப்பரும் என்கிட்டதான் கெடக்கு” என்றார். சற்று யோசித்துவிட்டு, “மேலேருந்து கேப்பாங்க. விளையாட்டுச் சாமான்னு எழுதணும்னா அது விளையாட்டுச் சாமானா இருக்கணும்” என்றார். டாங்கியை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். “ஏம்பா, பொம்மைதானே? ஒடைச்சுப் போடு. போட்டுட்டு ஊட்டுக்குப் போ.”

எனக்கு உயிர் வந்தது. முதலாளி என் கையைப் பிடித்து அழுத்தினார். இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தோம்.

டாங்கிக்காரர் மேசைக்கு வந்தார். மேல்மூடியின் மேல் கையை வைத்தார். கட்டைவிரல் அதன் வளைவில் ஒருமுறை போய்வந்தது. பிறகு, “ஒரு நிமிசமுங்க, கழட்டிர்றேனுங்க” என்றார்.

அவர் கழற்றத் தொடங்கினார். பீரங்கிக் குழாயை இலேசாகத் திருகி உருவி, பக்கத்தில் வைத்தார். மேல்மூடியைக் கால்சுற்றுத் திருப்பித் தூக்கினார். அதற்குக் கீழே இருந்த குடைக்கம்பி அச்சைப் பிரித்தார். ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையிலேயே அடுக்கினார். நாங்கள் வண்டி கழற்றும் முறை அதுதான். தப்பான இடத்தில் அழுத்தினால் பசை விட்டுவிடும். உடைப்பதற்கும் கழற்றுவதற்கும் அவருடைய கைக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் அந்த நேரத்தில் எனக்குப் பட்டது.

“ஒடைடா சாமி” என்றார் முதலாளி மெதுவாக. “ஒடைச்சுப் போடு. வேற செஞ்சுக்கலாம்.”

“ஆச்சுங்க, ஆச்சுங்க.”

இன்ஸ்பெக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ரைட்டரைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாருய்யா. எவ்வளவு பக்குவமாக் கழட்டறான். இவன் பொம்மை செய்யற ஆளா?”

அப்போதுதான் டாங்கிக்காரரின் மனைவி உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராக மேசைக்கு வந்து, டாங்கியின் உடலை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் போட்டார். உடையவில்லை. தகரம் சரியாக மடித்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. குதிகாலால் மிதித்தார். இரண்டாம் முறை மிதித்ததும் பக்கத் தகடு நெளிந்து, ரப்பர் சக்கரங்கள் தெறித்துப் பெஞ்சுக்கு அடியில் உருண்டன. மேசையிலிருந்த மேல்மூடியையும் எடுத்துப் போட்டு மிதித்தார். முள்முருங்கை இலேசான மரம்; சத்தமே இல்லாமல் பிளந்தது. டாங்கிக்காரர் “ஏய்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

“பொம்மைதானுங்க சார்” என்றார் அந்தப் பெண். மூச்சு வாங்கியது. “பாருங்க, வெறும் பொம்மைதானுங்க.”

இன்ஸ்பெக்டர் நெளிந்த தகட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். “கூட்டிட்டுப் போங்க” என்றார் கடைசியில். “ஒடைச்சது அவன் இல்லையே.”

வழக்கு எதுவும் போடவில்லை. சித்திரையில் பாதிவரை நாங்கள் அதையே பெரிதாகச் சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டோம். வைகாசியில் நிரந்தர ஆணைகள் வந்தன. அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் வந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை. ஆனியில், தற்காலிகப் பணியும் இனித் தேவையில்லை என்று ஒரு தாள். காரணம் எழுதவில்லை. அறிக்கையில் என்ன இருந்தது என்று கேட்க நானும் முதலாளியும் ஏறி இறங்காத படி இல்லை. யாரும் சொல்லவில்லை. ஆவணி வந்து போயிற்று.

ஐப்பசியில், திருச்செங்கோட்டிலிருந்து ஆந்திரா போகும் ஒரு போர்வெல் ரிக் வண்டியில் கணக்குப் பார்க்கும் ஆளாக அவர் சேர்ந்தார். மனைவி ஓமலூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. இருவரையும் வழியனுப்ப நான் சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ரிக் வண்டி டீக்கடை ஓரமாக நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது.

“ஏனுங்ணா” என்றார் அவர். “நானே ஒடைச்சிருந்தன்னா அவரு நல்லபடியா எழுதியிருப்பாருங்களா?”

“தெரியலையப்பா.”

“கழட்டி முடிச்சிருந்தாலும் அது ஒடைச்ச மாதிரிதானுங்களே. என்ன வித்தியாசமுங்க?”

அந்தப் பெண் எங்களைப் பார்க்காமல் சொன்னார்: “அண்ணனோட பழைய லாரியா இருந்திருந்தா பட்டுன்னு ஒடைச்சிருப்பாரு. கேட்டுப் பாருங்க.”

ரிக் டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு, “வாரேனுங்ணா” என்று என்னிடம் சொன்னார். மனைவியிடமும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. வண்டி பெரியது, சேலம் பக்கம் திரும்பிய பிறகும் அதன் துளைபோடும் கோபுரம் வீடுகளுக்கு மேலே கொஞ்ச தூரம் தெரிந்தது.

தாரமங்கலம் வழியாக ஓமலூர் போகும் பஸ் வர நேரமாயிற்று. இருவரும் கொட்டகையின் கீழ் நின்றோம்.

“நான் ஒடைக்கலாம்னு உள்ள வரலீங்ணா” என்றார் அந்தப் பெண். “வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் சொல்றீங்க, அந்த போலீஸ்காரரு நிக்கறாரு. இவரு ஒவ்வொண்ணா எடுத்து எடுத்து வெக்கறாரு. ஒரே ஒரு தடவை வாசப்பக்கம் திரும்பி என்னையப் பாத்திருந்தாருன்னா, நான் அங்கயே நின்னிருப்பேன். என்ன ஆனாலும் ஆவட்டும்னு நின்னிருப்பேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார் என்று சொல்ல நினைத்தேன். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் திரும்பவில்லை. பஸ் வந்தது. அந்தப் பெண்ணின் பெட்டியை நான் ஏற்றிக் கொடுத்தேன்.