ஒரு குப்பத்துக்கு இரண்டு நர்ஸ்

ஹேமாவதி பிறந்தது லைட்ஹவுஸ் குப்பத்தில். அவளுடைய நைனா கங்காதரன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். பெண் பன்னிரண்டாவது தேறியதும், "நம்ம சனத்துல ஊசி போடறதுக்கு ஒரு ஆளு வேணும்" என்று சொல்லி ஏ.என்.எம். என்கிற நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டார். அது பட்டப் படிப்பு இல்லை. கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பிரசவம், தடுப்பூசி, குழந்தைகளுக்கு எடை பார்ப்பது என்று கிராமத்து வேலைக்காகவே சொல்லித் தருகிற படிப்பு. அதை முடித்துச் சில வருடங்கள் தனியார் ஆஸ்பத்திரிகளில் அலைந்த பிறகு, கிராம சுகாதார செவிலியராக அரசாங்க வேலை கிடைத்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பங்களில் ஒன்றில் இரண்டு அறைத் துணை சுகாதார நிலையம். அதில் அவள் ஒருத்திதான்.

தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடந்தால், வலை பின்னுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்து, "நர்ஸம்மா, மோர் குடிச்சிட்டுப் போ" என்பார்கள். எந்த வீட்டில் எத்தனை மாதக் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போனால் அவள் வேறு ஆள். அங்கே முன்வரிசை டாக்டர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும். ஒருமுறை ஒரு பிரசவத்தைப் பற்றி அவள் பேச வாயெடுத்தபோது, முன்வரிசையிலிருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ் திரும்பி, "நீங்க ஏ.என்.எம். தானே? அதை நாங்க பாத்துக்கறோம்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஹேமாவதி கூட்டத்தில் வாயே திறந்ததில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அர்ச்சனா வந்தாள். திருப்பாலைவனத்தில் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரியான வியாதிகளைப் பார்க்க அந்த நிலையத்துக்கே அவளை அனுப்பியிருந்தார்கள். படிப்பில் அவள் பெரியவள். ஆனால் வேலை ஒப்பந்தத்தில். வருடா வருடம் நீட்டித்தால்தான் உண்டு. ஹேமாவதிக்கு வேலை நிரந்தரம், படிப்பு சின்னது. யார் யாருக்கு மேல் என்று அனுப்பியவர்களும் தெளிவாகச் சொல்லவில்லை.

வந்த அன்றே அர்ச்சனா மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நிலையத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். ஹேமாவதி பரிசோதனைக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களிடம், "புதுசா ஒரு பாப்பா வந்துகீது" என்று அறிமுகம் செய்தாள்.

"என் பேரு அர்ச்சனா, சிஸ்டர்."

"இருக்கட்டும் பாப்பா, என் பொண்ணு வயசுதானே."

அர்ச்சனா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால், "நர்ஸம்மா வரட்டும்" என்று கிழவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். ஹேமாவதிக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

பொன்னியம்மாள் அந்தக் குப்பத்தில் கருவாடு போடுகிறவள். நடுவயசு தாண்டியவள், குரல் பெரிசு, வெகுநாளாகச் சர்க்கரை. உச்சி வெயிலில் மணல் கொதிக்கும்போது மற்ற பெண்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள். அவள் மட்டும் வெறுங்காலோடு நின்று நிதானமாகக் கவளை மீனைப் புரட்டிப் போடுவாள். "எனக்குச் சூடே உறைக்காதுடி" என்பது அவள் பெருமை. ஹேமாவதியும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். பாதத்தில் கொப்புளம் உடைந்து புண்ணானபோது ஹேமாவதிதான் மருந்து வைத்துக் கட்டுப் போட்டு வந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயேன்" என்று ஒருமுறை சொன்னாள். "மீன் வரத்து கொறையட்டும், போறேன்" என்றாள் பொன்னியம்மாள். ஹேமாவதி அதோடு விட்டுவிட்டாள்.

ஒரு புதன்கிழமை ஹேமாவதி பக்கத்துக் குப்பத்தில் தடுப்பூசி போடப் போயிருந்தாள். மாத்திரை வாங்க வந்த பொன்னியம்மாளை அர்ச்சனா பிடித்து உட்காரவைத்து, பெட்டியிலிருந்து மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தாள்.

"இன்னாடி இது, தூண்டில் நரம்பு மாதிரி கீது? என் கால்ல மீன் புடிக்கப் போறியா?"

"கண்ணை மூடிக்கங்கம்மா. பாதத்துல தொடறப்போ எல்லாம் சொல்லுங்க."

அர்ச்சனா கட்டைவிரலில் தொட்டாள். நடுப்பாதத்தில் தொட்டாள். குதிகாலில் இழை வளையும் அளவுக்கு அழுத்தினாள். பொன்னியம்மாள் கண்ணை மூடியபடியே, "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றாள்.

அர்ச்சனா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. சுண்டுவிரல் நிறம் மாறியிருந்தது. உடனே டாக்டருக்கு போன் செய்தாள். டாக்டர் சாயங்காலம் ஹேமாவதிக்கு போன் செய்தார். "ஏம்மா, இவ்வளவு நாள் ஏன் அனுப்பலை?" என்று கேட்டார்.

மறுநாள் காலை நிலையத்தின் கதவைத் திறந்ததுமே ஹேமாவதி வெடித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு டாக்டர்கிட்ட போயிருக்கலாம்ல? நேத்து வந்த நீ என்னைக் காட்டிக் குடுக்கிறியா?"

"நான் சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா, சிஸ்டர்?"

ஹேமாவதி வெளியே போய் ஏரியைப் பார்த்து நின்றாள். கோபம் அடங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு, 'கேட்டிருப்பேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அர்ச்சனா தனியாகவே பொன்னியம்மாள் வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். செருப்பெல்லாம் மணல்.

"வரமாட்டேங்கறாங்க. நெல்லு வெளையற ஊர்க்காரிக்கு எங்க காலைப் பத்தி இன்னா தெரியும்னு கேக்கறாங்க." பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "உங்ககிட்ட முதல்ல சொல்லாதது தப்புதான் சிஸ்டர். பயமா இருந்துச்சு. நீங்க என்னை வேலையே செய்ய விடமாட்டீங்கன்னு நெனச்சேன். ஆனா அந்தக் கால் காத்திருக்காது. நீங்க சொன்னாத்தான் வருவாங்க."

ஹேமாவதி அவளைப் பார்த்தாள். கூட்டத்தில் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பேசிய முகம் இல்லை இது. வேலை கெட்டுப் போய்விடுமோ என்று தவிக்கிற முகம். அந்தத் தவிப்பு ஹேமாவதிக்குத் தெரிந்ததுதான்.

"வா" என்று மட்டும் சொன்னாள்.

கருவாடு காயும் இடத்தில் ஹேமாவதி முதலில் காலைப் பற்றிப் பேசவே இல்லை. காக்காயைத் துரத்தினாள். எந்த வியாபாரி வந்தான் என்று விசாரித்தாள். பிறகு பொன்னியம்மாளின் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தாள்.

"நான் போட்ட கட்டு பத்தாது பொன்னியம்மா. இவங்க சொல்றதுதான் சரி. சூடு உறைக்கலன்றது நல்லது இல்லியாம். கால்ல உணர்ச்சி செத்துப் போச்சு. எனக்கு அதைச் சொல்லிக் குடுக்கல. இவங்க அதைப் படிச்சிருக்காங்க."

அதைச் சொல்லி முடிக்கும்போது ஹேமாவதியின் காது மடல் சூடாகியிருந்தது. இத்தனை வருடத்தில் இந்தக் குப்பத்தில் தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னதே கிடையாது.

பொன்னியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நீ சின்ன நர்ஸா?"

ஹேமாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, அப்படித்தான் வச்சிக்கோயேன்."

"அப்படி இல்லம்மா" என்று அர்ச்சனா குறுக்கே புகுந்தாள். "பிரசவம், குழந்தைங்கன்னா நானே இவங்களைக் கேட்டுத்தான் செய்வேன். ரெண்டு பேரும் நர்ஸுதான். வேலைதான் வேற வேற."

"யாரு பெரிய நர்ஸா இருந்தா எனக்கு இன்னா? என் மீனை யாரு பாத்துப்பாங்க?"

அதற்குப் பக்கத்து வீட்டு மனோரமாவை ஹேமாவதி குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். மனோரமா முறத்தோடு வந்து நின்றாள். பொன்னியம்மாளுக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை. இரண்டு நர்ஸ்களும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, ஆம்புலன்ஸ் நிற்கும் ரோடு வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள்.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பாதம் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே முழுக்க எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். பொன்னியம்மாள் திரும்பி வந்து அதை எல்லோரிடமும் ஏதோ பரிசு வாங்கிய மாதிரி சொல்லித் திரிந்தாள். செருப்பில்லாமல் மணலில் இறங்குகிற பெண்களை இப்போது திட்டுவது அவள்தான்.

சண்டை அதோடு தீர்ந்துவிடவில்லை. லீவு எடுப்பதில் சண்டை வரும். ஃப்ரிட்ஜில் யார் மருந்து எந்தத் தட்டில் என்பதில் வரும். ஆனால் ஹேமாவதி 'பாப்பா' என்பதை விட்டுவிட்டாள். அர்ச்சனா 'சிஸ்டர்' என்பதை விட்டு 'அக்கா'வுக்கு வந்துவிட்டாள். கர்ப்பிணிக்குச் சர்க்கரை ஏறினால் ஹேமாவதி அர்ச்சனாவைக் கேட்கிறாள். எந்த வீட்டில் எப்போது போனால் பேச்சு எடுபடும் என்பதை அர்ச்சனா ஹேமாவதியைக் கேட்கிறாள். அர்ச்சனாவின் ஒப்பந்தம் இந்த வருடமும் நீட்டிக்கப்பட்டபோது, தகவல் வரும்வரை அவளைவிட அதிகம் பதறியது ஹேமாவதிதான்.

சென்ற மாதக் கூட்டத்தில் பெண்களின் பாதப் பரிசோதனை பற்றிப் பேச்சு வந்தது. ஹேமாவதி எழுந்து நின்றாள். வார்த்தை இரண்டு இடத்தில் தடுக்கியது. ஆனாலும் பொன்னியம்மாளின் கால் கதையைச் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள். டாக்டர் குறித்துக்கொண்டார்.

ஆண்கள் நிலையத்துக்கு வருவதே இல்லை என்பது இருவருக்கும் இருந்த கவலை. அதற்கு வழி ஹேமாவதிதான் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் போட்டுகள் கரை சேருகிற இடத்துக்கே இருவரும் போய்விடுகிறார்கள். ஹேமாவதி ஆளைப் பேர் சொல்லிப் பிடிப்பாள். அர்ச்சனா உப்பு ஈரம் காயாத கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பாள். போன வாரம் போட்டிலிருந்து இறங்கிய தேவேந்திரன் வலையைப் போட்டுவிட்டு நழுவப் பார்த்தான்.

"மீனை ஏலம் வுட்டுட்டு வரேன் நர்ஸம்மா."

"மீன் செத்துத்தான் கெடக்குது, எங்கயும் போவாது. நீ ஒக்காரு" என்றாள் ஹேமாவதி.

கரையே சிரித்தது. தேவேந்திரன் போட்டின் விளிம்பில் உட்கார்ந்து, அர்ச்சனாவிடம் கையை நீட்டினான்.