ஏறினால் நல்லது

என் வீட்டுக்காரருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து, சுரப்பியையே அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவ்வப்போது ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். அதில் பி.எஸ்.ஏ. என்று ஒன்றை அளப்பார்கள். முதல் தடவை அது இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைந்திருந்தது. நல்ல செய்திதான். இவரோ எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. மனுஷனுக்கு அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை மலாய்த் தாதி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நாயிக் சிக்கிட், பாக்சிக்" என்றார். கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "தெரிமா காசே, மிஸ்ஸி!" என்று தாதிக்கு நன்றி சொன்னார்.

"என்னாங்க சிரிக்கிறீங்க?"

"ஏறிடுச்சுலா! போன தடவ ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. மானமே போச்சு எனக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் இளவயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பால் நிறுக்கும் இடத்தில் தோட்டத்துக் கணக்கரான கிராணி வாளியில் ஓர் அளவுக் கருவியை மிதக்கவிட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். அளவு ஏறினால் கெட்டிப்பால். இறங்கினால், "தண்ணி கலந்தியா?" என்று எல்லார் முன்னாலும் ஏச்சு விழும். தோட்டத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டாகிவிட்டது. இவர் தலைக்குள் மட்டும் அந்தக் கிராணி இன்னும் வாளிமேல் குனிந்துகொண்டிருக்கிறார்.

டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நாள் கொடுத்திருந்தார்கள். அதுவரை நான் படித்துப் படித்துச் சொன்னேன், கத்தியும் பார்த்தேன். கேட்டால்தானே! ரோட்டோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஏறிடுச்சு, ஏறுனா நல்லது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சுரப்பி இல்லாத உடம்பில் இது ஏறக் கூடாது. ஏறினால் நோய் எங்கேயோ மிச்சம் இருக்கலாம். எங்கே என்று ரத்தம் சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லும்.

ஸ்கேன் சொன்னது. இடுப்பெலும்பில் ஓரிடத்தில் பரவியிருந்தது. சின்னதுதான், ஊசியும் கதிர்வீச்சும் கொடுத்து அடக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் பயந்தேன், இப்போதும் எனக்குப் பயம்தான். இவர், "அப்ப எறங்கணுமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

திரும்பும் வழியில் தே குடிக்க அதே ஒட்டுக்கடையில் காரை நிறுத்தினோம். இவரோடு ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூட்டாளி அங்கே இருந்தார்.

"என்னா மச்சான், இன்னும் ஏறுச்சா?"

இவர் மறைக்கவில்லை. "நான் தப்பா வெளங்கிக்கிட்டேன் மச்சான். அது ஏறவே கூடாதாம். எலும்புக்குப் போயிருச்சு."

கூட்டாளி கிளாஸைக் கீழே வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கிளினிக்குல எனக்கும் ரத்தத்துல அந்த பி.எஸ்.ஏ. ஏறியிருக்குன்னாங்க. மறுபடி வரச் சொன்னாங்க. நீதான் ஏறுனா நல்லதுன்னியே மச்சான்... நான் போகல."

இவர் முகம் வெளுத்துப்போனது. ஸ்கேன் முடிவைக் கேட்டபோதுகூட அப்படி ஆகவில்லை. தே இன்னும் வரவில்லை. இவர் எழுந்து கூட்டாளியின் கையைப் பிடித்தார்.

"எந்திரி. கிளினிக் சாத்தறதுக்குள்ள போயிரலாம்."