தலைகீழாக ஓடிய படமும் முனிராஜு சாரும்

அன்று ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு முனிராஜு சாரின் கார்டு பஞ்ச் ஆகவில்லை. டைம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நான் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவர் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று குறித்தேன். குறித்த கையோடு கோபமும் வந்தது. லீவு என்றால் ஒரு போன் செய்ய வேண்டாமா மனுஷன்? அரை மணி நேரம் கழித்து லேத் பிரிவு கணேசன் வந்து ஜன்னலருகே நின்றார். முனிராஜு சார் தொரப்பள்ளி வீட்டில், பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. "அப்ப லீவ் லெட்டர் யார் குடுப்பாங்க?" என்று கணேசனிடம் கேட்டேன். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டேன். பாவம், அவரும் ஒரு நிமிடம் யோசித்தார்.

நம் ஞாயிறு திரைக் குழுவுக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். வலது ஓரத்து நாற்காலி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, படம் முடிந்தாலும் சட்டென்று எழுந்திருக்காத ஆள். தங்கை ரத்னம்மாவோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. நானும் செய்துகொள்ளாதவள், அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தெலுங்கு பேசுவார், லாரி டிரைவர்களோடு கன்னடத்தில் சண்டை போடுவார். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து. என் விருதுநகர்ப் பேச்சைக் கேட்டு, "நீங்க பேசறது வேகமா இருக்குது மேடம், நான் பின்னாடியே ஓடி வர்றேன்" என்பார்.

கம்பெனி ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு. அங்கே அவரோடு எனக்கு முதலில் நடந்ததே சண்டைதான். புது ஆட்களுக்கு ஷூ வாங்க நானே போய் நின்று, எங்கே, எங்கே என்று குதித்தேன். அவர் நகரவே இல்லை. "கொஞ்சம் சும்மா நில்லுங்க மேடம். அவசரமாத் தேடுனா எதுத்தாப்புல இருக்கறதும் தெரியாது" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஷூ என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

யூனியன் ஆபீஸ் மாடியில் நாம் படம் போட ஆரம்பித்தபோது, மெதுவாக நகரும் வெளிநாட்டுப் படங்களைக் கொட்டாவி விடாமல் பார்த்தவர் அவர் ஒருவர்தான். எப்படி முடிகிறது என்று கேட்டேன். "இதுல யாரும் நம்மளப் பாத்து நடிக்கல மேடம். அவங்க பாட்டுக்கு இருக்காங்க, நாம பாட்டுக்கு இருக்கலாம்" என்றார்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். பெங்களூர் நடைபாதையில் நான் வாங்கிவந்த கிழக்காசியப் படம், இரண்டு சீடி. அட்டையில் இருந்த எழுத்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவன். ஏழாவது மாடியில் தனியாக வாழும், அவனைவிட வயதில் மூத்த ஒரு பெண். மழை பெய்துகொண்டே இருக்கும், யாரும் பேச மாட்டார்கள். படம் போடுவதற்கு முன்னால் முனிராஜு சார் என்னருகே வந்தார். அன்று புதுச்சட்டை. "படம் முடிஞ்சு ஒரு பத்து நிமிசம் இருங்க மேடம். ஒரு விசயம் பேசணும்" என்றார். எனக்குள் ஏதோ ஒன்று படபடத்தது. அந்தப் படபடப்பில்தானோ என்னவோ, இரண்டாவது சீடியை முதலில் போட்டுவிட்டேன்.

ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் ஒரு மணி நேரம் அவனும் அவளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே குடையில் போனார்கள். பிறகு லிஃப்டில் ஏறினார்கள். அது மாடிகளைத் தாண்டி, கூரையைத் தாண்டி, மேகத்துக்குள் போயிற்று. எழுத்துகள் ஓடின. நான் சீடியை மாற்றினேன். அதிலும் முதலில் ஏதோ எழுத்து வந்தது. அடுத்த ஒரு மணி நேரம் அதே இருவரும் படிக்கட்டில் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்காமல் கடந்துபோனார்கள். அவன் தனியாகச் சாப்பிட்டான், அவள் தனியாக ஜன்னலோரம் நின்றாள். அத்தோடு படம் நின்றுவிட்டது.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று கணேசன் எழுந்து நின்றார். சும்மா இருந்தேனா நான்? விளக்க ஆரம்பித்தேன். லிஃப்ட் மேலே போனதுதான் சாவு, நடுவில் எழுத்து ஓடவிட்டது டைரக்டரின் புதுமை, பின்பாதி மறுபிறவி, போன பிறவியில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இந்தப் பிறவியில் அடையாளம் தெரியாமல் கடந்துபோகிறார்கள் என்று ஒன்றரை மணி நேரம் அள்ளிவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். முனிராஜு சார் கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபிறகு, என்ன விஷயம் சார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மேடம். இன்னொரு நாளைக்கு" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அந்த விளக்கத்தை நம் ஜெராக்ஸ் இதழில் நான்கு பக்கம் வேறு எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு பண்டிகை விடுமுறையில், நான் தங்கியிருக்கும் லேடீஸ் ஹாஸ்டலில் அதே படத்தை மறுபடி போட்டேன். இந்த முறை எது கையில் வந்ததோ அதுவே சரியான சீடி. அட்டையில் இருந்த அதே எழுத்து, படத்தின் பெயராக முதலில் வந்தது. முன்பின் தெரியாத இருவர் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவர் பக்கம் ஒருவர் வந்துசேர்ந்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மறுபிறவியாம் மறுபிறவி! உங்களிடம் நான் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. இதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அன்றிலிருந்து வேறொரு எண்ணம் என்னை அரிக்க ஆரம்பித்தது. அவர் என்னைக் கேட்க வந்தது கல்யாணமாக இருந்தால்? சேர்ந்திருந்தவர்கள் கடைசியில் யாரோவாகப் போவதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று பின்வாங்கியிருந்தால்? படம் தலைகீழ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் சொல்ல வேண்டும் என்றே போனேன். அறிவாளி மேடம் உளறிக்கொட்டினாள் என்று தெரிந்தால் மதிப்பாரா, மறுபடி வருவாரா என்று பயந்து வாயை மூடிக்கொண்டே திரும்பினேன். இப்படியே ஐந்து வருடம்.

அவர் இறந்த மூன்றாம் நாள் தொரப்பள்ளிக்குப் போனேன். வந்திருந்த பெண்ணொருத்தி நான் யார் என்று ரத்னம்மாவிடம் தெலுங்கில் கேட்டாள். ரத்னம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, அண்ணனோடு வேலை செய்கிறவர் என்று சொன்னாள். அது உண்மைதான். ஆனாலும் எந்த உரிமையில் அழுவது என்று தெரியாமல் நின்றேன்.

கூட்டம் குறைந்ததும் அவளே என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். "அந்தப் படம் போட்ட அன்னிக்கு, கல்யாணத்துக்கு உங்களக் கேக்கறேன்னு சொல்லிட்டுத்தான் அண்ணா போச்சு. திரும்பி வந்து, கேக்கலன்னுச்சு. மேடம் சீடிய மாத்திப் போட்டுட்டாங்க ரத்னா, அது தெரியாம எவ்ளோ அழகா வெளக்கம் சொன்னாங்க தெரியுமா, அத நிறுத்திட்டு இத எப்பிடிக் கேக்கறதுன்னு சிரிச்சுச்சு."

அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே தெரிந்திருந்தது. பின் ஏன் அதை என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் அதான் கேட்டேன். சொன்னா அவங்க வெக்கப்பட்டுக்கிட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வரமாட்டாங்கன்னுச்சு."

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே தள்ளிக்கொண்டு வந்தாராம். அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. ஐந்து வருடமாக என் தப்புதான் அவரைத் தடுத்தது என்று நினைத்திருந்தேன். அது இல்லை என்றாகிவிட்டது. அப்படியென்றால் தடுத்தது எது? என் வாயா, அவருடைய கூச்சமா, இருவருக்கும் பழகிப்போன ஞாயிற்றுக்கிழமையா? அவரும் என்னிடம் மறைத்தார், நானும் அவரிடம் மறைத்தேன். இருவரும் பயந்தது ஒரே விஷயத்துக்கு. இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? யோசித்தால் குழம்புகிறது. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

ஒருவர் தப்பாகவே பேசினாலும் இடைமறிக்காமல் கடைசிவரை கேட்பது அவருடைய குணம். அவரிடமிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். டைம் ஆபீஸில் இப்போது நான் குறைவாகப் பேசுகிறேன் என்று கணேசன் சொல்கிறார்.

அண்ணன் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ரத்னம்மா கேட்கவில்லை. மரியாதை கருதி நீங்களும் கேட்க மாட்டீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். விளக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, உங்கள் எல்லோர் முன்னாலும், சரி என்றிருப்பேன்.