எங்கள் கையால் காலியாக்கிய இடம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஒன்பதாவதோடு நின்றவள், எழுத வராது என்று சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவல்ல. நடந்ததில் என் கையும் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிப் பார்த்தேன். "இதுல பாவம் ஒண்ணும் இல்லம்மா" என்று ஃபாதர் அனுப்பிவிட்டார். மனசு ஆறவில்லை.

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பழைய கிடங்குகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. நடுவே அகலமான சிமெண்டுத் தரை. அந்தத் தரையில்தான் எங்கள் பெண்கள் கருவாடு காயவைப்பார்கள். என் நாத்தனாரின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபிறகு, அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தரையால்தான். காலையில் நெத்திலியைப் பரப்பினால், காக்காய் விரட்டக் கையில் குச்சியோடு வெயில் சாயும்வரை அங்கேயே இருப்பாள்.

ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தப் பகுதியைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். முதலில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், பிறகு பள்ளிக்கூட ஹாலில் மக்கள் கருத்தைக் கேட்பார்கள்.

எங்கள் தெருவின் செபக் கூட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. மாதா தேர் வருவதற்கு முன் தெருவை ஒழித்துக் கழுவ வைப்பதும் என் வேலை. கூடை, பாய், வண்டி எதுவும் கண்ணில் படக்கூடாது. பிஷப் வந்தாலும் அப்படித்தான், பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான். வருகிறவர்களுக்கு நாங்கள் செய்கிற மரியாதை அது. அதிகாரிகளுக்கும் அதையே செய்யச் சொன்னேன்.

"இன்னா அண்ணி, வர்றது மாதாவா? கருவாட்டப் பாத்தா பயந்துடுவாங்களா?" என்றாள் நாத்தனார்.

"கலீஜா கீதுன்னு எழுதிகினு போயிட்டா இன்னா பண்ணுவ? நல்லபடியா பாத்தா ஒரு ஷெட்டு போட்டுக் குடுப்பாங்க. எல்லாத்தையும் வூட்டுக்குள்ள அள்ளு."

முணுமுணுத்துக்கொண்டே அள்ளினாள். பாதி காய்ந்த மீன் அவள் கட்டிலுக்கு அடியில் போனது. எல்லாருமாகச் சேர்ந்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். அதிகாரிகள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். "ரொம்ப சுத்தமா இருக்கே" என்றார் ஒருவர். மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

கூட்டத்தன்று திரையில் எங்கள் தரை தெரிந்தது. ஒரு செதில்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. "நகரத்துக்கு நடுவுல இவ்வளவு இடம், யாருக்கும் பயனில்லாம சும்மா கிடக்குது" என்றார் அதே அதிகாரி. அடுத்த படத்தில் அந்த இடத்தில் மரங்கள், பெஞ்சுகள், காபிக் கடை, நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு பெண்.

"நாய்க்கு எடம் கீது, பாத்தியா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

 நான் எழுந்து மைக்கை வாங்கினேன். "சார், அது நாங்க ஒழிச்சு வெச்சது சார். நீங்க வர்றீங்கன்னு கருவாட்ட வூட்டுக்குள்ள அள்ளிட்டோம். தெனம் அங்கதான் காயுது."

அவர் சிரித்தார். "ஒரே நாள்ல எடுக்க முடிஞ்சுதுல்ல? அப்புறம் என்னம்மா கஷ்டம்?"

நாத்தனார் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள். "உன் வூட்டுக் கட்டிலக்கூட ஒரே நாள்ல தூக்கிடலாம் நைனா. அதுக்காக நீ அதுல படுக்கறதில்லன்னு ஆயிடுமா?"

ஹாலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "கருத்து பதிவு செய்யப்படும்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

பதிவு செய்ததைப் பிறகு வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். நாத்தனாருக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்துக் காட்டினேன். 'பகுதி மக்கள் இடத்தைத் தூய்மையாகப் பராமரித்து வருவதாகத் தெரிவித்தனர். திட்டத்துக்கு ஆதரவு அளித்தனர்.'

"கருவாடுன்னு ஒரு எடத்துலயாவது கீதா?"

"இல்ல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

இப்போது அந்தத் தரையைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள். பெஞ்சும் வரவில்லை, மரமும் வரவில்லை. அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் கூட்டித் துடைக்கிறாள்.

கட்டட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கேட்காமலே கட்டியிருந்தால்கூட இத்தனை எரிச்சல் இருக்காது. ஏழைகளைக் கூட்டி உட்காரவைத்து, வாயைத் திறக்கவிட்டு, அவர்கள் சொல்லாததை அவர்கள் பேரில் எழுதினார்களே. எந்த மனசாட்சி இதற்கு இடம் கொடுத்தது? கோபம் பாவம் என்று படித்து வளர்ந்தவள்தான் நான். இந்தக் கோபத்துக்கு மட்டும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

படிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் கொடுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், யாரும் திருத்த வேண்டாம், அழகுபடுத்தவும் வேண்டாம். நாங்கள் சொன்னதை ஒருமுறை மாற்றி எழுதிவிட்டார்கள். கருவாடு என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் கருவாடு என்றே இருக்கட்டும்.