விழுந்ததாகச் சொன்ன இடம்

என் கண் கறுத்துப்போனதற்கு உண்மையான காரணத்தை என் மாமியாரிடம் சொல்ல எனக்கு ஏன் நான்கு நாள் ஆனது? பாத்திரம் துலக்கும்போதும், பெண்ணுக்குத் தலை பின்னும்போதும் யோசித்துப் பார்க்கிறேன். விடை கிடைக்கவில்லை.

நான் ரக்பி ஆடுகிறேன். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். பந்தோடு ஓடுகிறவளை இடுப்பிலோ காலிலோ கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். அதற்கு டேக்கிள் என்று பெயர். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் சனி, ஞாயிறு காலைகளில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுகிறோம். அவர்களில் குழந்தை உள்ளவள் நான் ஒருத்திதான்.

மாமியாருக்கு இது தெரியாது. காலடிப்பேட்டையில் எங்களோடுதான் இருக்கிறார். எனக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பெண் பிறந்தாள். அந்த நாற்பது நாளும் என்னைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். பெண்ணுக்கு நான்கு வயதாகிவிட்டது, இன்னும் தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். அவரிடம் போய், ஒருத்தி என் மேல் ஓடி வந்து மோதுவாள், நான் அவளைத் தள்ளுவேன் என்று எப்படிச் சொல்வது? வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் கணவரும் அதையே சொன்னார். சாக்ஸ் கரியாகத் திரும்பி வரும். எங்கள் ஏரியாவில் மொட்டை மாடியில் காயும் துணியிலேயே நிலக்கரித் தூசி படிவதால் யாரும் கேட்டதில்லை.

கல்லூரியில் நான் வலைக்கு மேல் பந்தை எறியும் த்ரோபால் ஆடியவள். அதுவே முதலில் இடைஞ்சலாகிவிட்டது. ரக்பியில் பந்தை முன்னால் வீசக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். என் கையோ பந்து வந்த நொடியிலேயே தலைக்கு மேல் தூக்கி முன்னால் எறிந்துவிடும். எங்கள் கேப்டன் என்னைவிட ஆறு வயது சின்னவள், காசிமேட்டுப் பெண்.

"அக்கா, எதிர்ல நெட்டு ஒண்ணும் கட்டல. மின்னாடி யாருக்குக்கா போடுற? அவங்க டீம்ல உனுக்கு தோஸ்து யாராச்சும் கீறாங்களா?" என்பாள்.

கை பழகிவிட்டது. டேக்கிள்தான் பழகவில்லை. முதல் மேட்சில், ஒரு கல்லூரிப் பெண் பந்தோடு நேராக என்னை நோக்கி ஓடி வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். பேருந்துக்கு வழி விடுவது போல அவளுக்கு வழி விட்டேன். அவள் போய்ப் பந்தை வைத்தாள்.

"கண்ண மூடிகினா எப்டிக்கா புடிப்ப? அவ இன்னா பேயா?" என்றாள் கேப்டன்.

அதன் பிறகு இரண்டு மாதம் பயிற்சி. முதலில் மண்டியிட்டபடி, பிறகு பழைய துணி அடைத்த சிமென்ட் சாக்கை நோக்கி ஓடி. தோள் பந்தோடு வருகிறவளின் தொடையில் பட வேண்டும், தலை எப்போதும் அவளுக்குப் பின்புறமாகப் போக வேண்டும். முன்புறமாகப் போனால் முழங்கால் முகத்தில் மோதும். நான் இருபது முறை செய்தால் எட்டு முறை தலை தவறான பக்கம் போகும். அதனால் வீட்டிலும் பழகினேன். மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வோம். கணவர் தலையணையைத் தொடையோடு பிடித்துக்கொண்டு நிற்பார். நான் மோதுவேன். அவர் கட்டிலில் விழுவார், பெண் கை தட்டுவாள். வெளியிலிருந்து மாமியார் குரல் வரும்.

"இன்னாடா சத்தம் அங்க?"

"ஒண்ணுமில்லம்மா, கட்டிலு ஆடுது" என்பார் இவர்.

இரண்டாவது மேட்சில் அதே பெண் மறுபடியும் என் பக்கமாக வந்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. குனிந்தேன், தோள் சரியாகப் பட்டது, கைகளை இறுக்கினேன். தலை மட்டும் தவறான பக்கம் போய்விட்டது. அவள் முழங்கால் என் இடது கண்ணுக்குக் கீழே இடித்தது. ஆனால் அவள் விழுந்தாள். பந்து உருண்டது, எங்கள் அணிப் பெண் ஒருத்தி அதை எடுத்தாள். மேட்சில் தோற்றோம். அது அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸைத் துண்டில் சுற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டு, கணவரின் பைக்கின் பின்னால் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

"அம்மா கேட்டா பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிடு" என்றார் கணவர். சொன்னேன்.

மாமியார் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"நானும் இருவது வர்சம் அதே பாத்ரூம்லதாம்மா வழுக்கி வுழுந்துகினு இருந்தேன்" என்றார். "தெனிக்கும் ரூம்ல தடதடன்னு சத்தம் கேக்கும்போதே எனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. ஆட்டம் நின்றுபோகும் என்று பயந்தேனா? இருபது வருடம் என்று அவர் சொன்னதைக் கேட்டபின், அதற்கு எதிரில் என் விளையாட்டைக் கொண்டுபோய் வைக்கக் கூசியதா? அல்லது வெறும் களைப்பா?

என் கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவர் வந்தால் மாமியார் எப்போதும், "வா நைனா, துன்னியா?" என்றுதான் கேட்பார். அன்று சாயங்காலம் சோற்றுத் தட்டைத் தரையில் தள்ளி வைத்துவிட்டு, "உங்கப்பன் புள்ளதான நீயி" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் பெண்ணுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ரகசியம் என்னுடையது, நான்தான் உடைக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். தட்டை இழுத்துச் சாப்பிட்டு எழுந்தார்.

நான்காம் நாள் காலை, தலை பின்னும்போது பெண் கேட்டாள்: "அம்மா, அப்பா உன்ன அட்சிட்டாராமே. ஆயா சொல்லுது. தலகாணியாலயா அட்சாரு?"

பின்னலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் எல்லாவற்றையும் சொன்னேன். அணியின் பனியனைக் காட்டினேன். பல்லுக்குப் போடும் உறையைக் காட்டினேன். ஒரு தோழி போனில் எடுத்த வீடியோவையும் போட்டேன். மாமியார் அதை மூன்று முறை பார்த்தார்.

"இதுல யாரு மூஞ்சும் தெரில. அல்லாம் ஒரே பனியனு. புள்ளத்தாச்சியா இருந்தவ, வயித்துல தையல் போட்டவ, தானா போய் எவளாச்சும் இப்டி இடி வாங்குவாளா? அவன் சொல்லிக்குடுத்தானா?"

அடுத்த நாள் கேப்டனையே வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாமியார் அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, "ஆளு செட் பண்ணி இட்டாந்துகிறியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவருக்கு என் மேல் இரக்கம்தான் கூடுகிறது.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. கண் தெளிந்துவிட்டது. எங்கள் அறைக் கதவை மாமியார் சாத்த விடுவதில்லை. மகனை நைனா என்று அவர் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. இவர் சாப்பாட்டை யார்டு கேன்டீனிலேயே முடித்துக்கொள்கிறார். "வுடு, தானா அடங்கிடும்" என்கிறார். ஒரே ஒரு முறை மட்டும், சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சின்ன வயசுல பக்கத்து வூட்ல கேட்டா நான்தான் சொல்வேன், அம்மா பாத்ரூம்ல வுழுந்துட்சின்னு. அன்னிக்கு அது எப்டி என் வாயில வந்துச்சின்னே தெரில."

ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை போகாமல் இருந்தேன். "வாக்கிங் போறதுக்குக்கூட வுட மாட்டேங்கிறானா?" என்று மாமியார் கேட்டார். மறுநாள் மைதானத்துக்குப் போனேன். இப்போது இருபதில் மூன்று முறைதான் தலை தவறான பக்கம் போகிறது.

இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் மைதானத்திலேயே ஒரு மேட்ச் இருக்கிறது. ஆட்டோவில் மாமியாரை அழைத்துப் போய்க் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். அவர் கண்ணெதிரில் நான் ஒருத்தியைச் சாய்த்தால் நம்பிவிடுவார், மகனை மறுபடியும் நைனா என்று கூப்பிடுவார் என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மூன்று முறைகளில் ஒன்று அன்று வந்தால்? அல்லது என்னை நாலு பேர் தரையில் அமுக்குவதைப் பார்த்து அவர் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வந்தால்? பார்த்தபிறகும் நம்பாவிட்டால் அதற்குமேல் என்னிடம் காட்ட எதுவும் இல்லை.

இதைப் படிப்பவர்களில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் இருப்பீர்கள். அந்தப் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னவர்களும் இருக்கலாம். அவர்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். உங்கள் மகன் மேல் உங்களுக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்திருந்தால், எதைப் பார்த்தால் அது போகும்? மாமியாரை அந்த மேட்சுக்கு அழைத்துப் போகட்டுமா, வேண்டாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.