பெரிய மானிட்டருக்கு வைத்த பொட்டு

சூடான மானிட்டரின் மேல் சந்தனம் காய்ந்தால் ஒரு வாசனை வரும். பாதி கோயில், பாதி சுட்ட பிளாஸ்டிக். இந்த ஆயுத பூஜைக்கு என் மகள் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தாள். அந்த வாசனை வரவில்லை... ஆனாலும் எனக்குக் கோயமுத்தூர் பீளமேடு ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூற்றொன்பது என்று நினைக்கிறேன். நான் அப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினியர். இன்ஜினியர் என்பதெல்லாம் விசிட்டிங் கார்டில்தான். கையில் ஸ்க்ரூடிரைவர் பை, காலுக்குக் கீழே ஒரு ஓட்டை மொபெட்.

பீளமேட்டில் சேலை பார்டர் டிசைன் போட்டுத்தரும் ஆபீஸ் ஒன்று என் கஸ்டமர். அங்கே டிசைனர் சாந்தாமணி. காரமடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். டிசைனைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினால் முழுச்சேலை தெரியாது. முழுச்சேலையைப் பார்த்தால் கட்டம் தெரியாது. நாள் முழுக்க இதற்கும் அதற்கும் மாறி மாறி அவருக்குக் கண்ணே பூத்துவிடும்.

"ஏனுங்ணா, ரெண்டு டிவி வெச்சாப்புல ரெண்டையும் ஒருக்காவே பாக்க முடியாதுங்களா?" என்று கேட்டதே அவர்தான்.

விண்டோஸ் 98 வந்திருந்த நேரம். முடியும் என்று எங்கோ படித்திருந்தேன். உடனே ஜம்பமாக, "அதென்னங்க பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டேன்.

பெரிய விஷயம்தான்! மானிட்டருக்கு ஒரு டிஸ்ப்ளே கார்டு வேண்டும், அதைச் செருக போர்டில் ஏஜிபி ஸ்லாட் ஒன்றே ஒன்று. அதில் புதுக் கார்டு, புதிதாக வாங்கிய பெரிய மானிட்டருக்கு. பக்கத்து பிசிஐ ஸ்லாட்டில், பழைய சிஸ்டத்தில் கழற்றிய வேறொரு கம்பெனி கார்டு, சின்ன மானிட்டருக்கு. இரண்டுக்கும் ஆகவே ஆகாது. ஒன்று எழுந்தால் மற்றது படுத்துக்கொள்ளும். மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், விண்டோஸுக்கு முன்னால் எழும் பயாஸ் செட்டிங்கில் ஒரே ஒரு வரி... முதலில் எந்தக் கார்டு எழ வேண்டும் என்று. அதை ஏஜிபிக்கு மாற்றியதும் இரண்டும் எழுந்தன. மாற்றாவிட்டால் பெரியது கருப்பாகவே கிடக்கும்.

மவுஸ் அம்பு பெரியதன் ஓரத்தில் மறைந்து சின்னதில் வந்தபோது சாந்தாமணி கைதட்டிவிட்டார். "அட சாமி, தாண்டிப்போச்சுங்ணா!"

முதலாளியும் எழுந்து வந்து பார்த்தார். "அடுத்த மாசம் இன்னும் ஆறு சிஸ்டம் போடறமுங்க. எல்லாம் உங்ககிட்டத்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

கோயமுத்தூரில் பூஜைக்கு முந்தின நாள் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. லேத் பட்டறை முதல் கம்ப்யூட்டர் ஆபீஸ் வரை எல்லா மெஷினையும் கழற்றித் துடைத்தாக வேண்டும். அன்றைக்கு எனக்குப் பதினோரு ஆபீஸ். பீளமேட்டில் சிஸ்டத்தைத் திறந்து, ப்ளோயர் வைத்துத் தூசி ஊதி, கடிகாரம் பின்தங்குகிறதே என்று போர்டிலிருந்த பட்டன் பேட்டரியையும் மாற்றினேன். பேட்டரி மாற்றினால் பயாஸில் எல்லாமே பழையபடி ஆகிவிடும். தேதியைச் சரிசெய்தேன், நேரத்தைச் சரிசெய்தேன். பெரியதில் வர வேண்டிய எழுத்துகள் சின்ன மானிட்டரில் வந்தன. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அணைத்துவிட்டு அடுத்த ஆபீஸுக்கு ஓடினேன்.

மறுநாள் சாந்தாமணி மானிட்டர்களை ஈரத்துணியால் துடைத்து, பெரியதற்கு மூன்று பொட்டு வைத்து, பூச்சரம் போட்டிருக்கிறார். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். விஜயதசமி காலையில்தான் ஆன் செய்தார்கள்.

போன் வந்தது. சாந்தாமணிதான். "ஏனுங்ணா, பெருசு கருப்பா நிக்கிதுங்க. நாந்தான் தண்ணி உட்டுப்போட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா முன்ன பெருசுலதான மொதல்ல எழுத்து ஓடும்... இப்பச் சின்னதுல ஓடுதுங்க. அது ஏனுங்க?"

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பாவி, அந்த ஒரு வரி!

"நேர்ல வந்து பாக்கறனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

போய் ஒரே வரி மாற்றினேன். இரண்டு நிமிஷம். பெரிய மானிட்டர் பொட்டோடு பளிச்சென்று எழுந்தது. முதலாளி என் பின்னால், சாந்தாமணி மேஜை ஓரத்தில்.

"என்னுங்க ஆச்சு?" என்றார் முதலாளி.

ஆறு சிஸ்டம் கண் முன்னால் வந்து நின்றது. வாய் தானாகச் சொன்னது. "உள்ள கொஞ்சம் ஈரம் எறங்கிருச்சுங்க. இப்பக் காஞ்சிருச்சு."

சாந்தாமணி என்னைப் பார்த்தார். போனில் அவ்வளவு சரியாகச் சொன்னவருக்கு, நான் பொய் சொல்கிறேன் என்று தெரியாமலா இருக்கும்? "அப்படீங்களா" என்றார். அவ்வளவுதான்.

முதலாளி கோபப்படவே இல்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. லட்ச ரூவாப் பொருளுக்குப் பக்கத்துல கவனமில்லாத ஆளு நமக்குச் செரிப்படாதுங்க. நாளைலிருந்து வர வேண்டாமுங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'. சாந்தாமணி டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு, எனக்கும் "வாரனுங்ணா" சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்... ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் உளறிக்கொட்டியிருப்பேன்.

ஆறு சிஸ்டமும் எனக்கே வந்தன. ஆறிலும் இரண்டிரண்டு மானிட்டர். அந்த யோசனையைச் சொன்னவர் மட்டும் அங்கே இல்லை.

ஆறேழு மாதம் கழித்து வெட்கத்தை விட்டுக் காரமடைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங் வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். சேலை பார்டரில் மயில் வரைந்த கை. விலாசம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உள்ளுக்குள் 'அப்பாடா' என்றுகூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

இப்போது என் மேஜையில் மூன்று மானிட்டர். வயரைச் செருகினால் போதும், அதுவே பார்த்துக்கொள்கிறது. மகளுக்கு பயாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் காலையில் ஆன் செய்யும்போது நடுமானிட்டர் மட்டும் இரண்டு விநாடி தாமதமாக எழும். அந்த இரண்டு விநாடிக் கருப்பில் தினமும் என் முகம் தெரிகிறது.

அன்றைக்கு அந்த ரூமில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதி என்ன பிரயோசனம்... இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஈரம் எதுவும் எறங்கலீங்க, மொதலாளி. அவங்க சொன்னதுதானுங்க சரி. நாந்தான் மறந்துபோட்டேன்.