மழை விட்ட பின் பசறைப் பாதை

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கல்முனையிலிருந்து நானும் சாரதி அன்சாரும் வேனில் புறப்பட்டோம். மலைநாட்டில், பசறையில் படிப்பிக்கும் என் மகள் றிஸ்னாவுக்கு எட்டாம் மாதம். மருமகன் கட்டாரில். எங்கள் ஊரில் தலைப்பிள்ளை பெண்ணின் தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். அவளைக் கூட்டிவரப் போனேன்.

மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது. கடற்கரையோரமான எங்கள் பக்கம் மழை விட்டால் வெள்ளம் வடியும், வடிந்தால் பயணம் போகலாம். அந்தக் கணக்கில்தான் கிளம்பினோம். அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை எங்கும் நல்ல வெயில்.

பதினொரு மணிக்கு, பசறைக்குச் சற்று முன்னால் சிவப்புக் கொடி. சரிந்த மண் பாதிப் பாதையை மூடியிருந்தது. மீதியால் ஒவ்வொரு வாகனமாக விட்டார்கள்.

"வெயில் எறிக்குது காக்கா, இனி என்ன பயம்? மகளை ஏத்திட்டு பொழுதுபட முந்தி ஊருக்குத் திரும்பிரலாம்" என்றான் என்னை அண்ணன் முறையில் அழைக்கும் அன்சார்.

தேத்தண்ணி தந்த கடைக்கார அம்மா சிரித்தார். "இது நேத்து வெயில்லதான் தம்பி விழுந்திச்சு. மழை நின்னாலும் குடிச்ச தண்ணி மலைக்குள்ளதானே இருக்கு?"

கடைக்கு மேலே பூட்டிக் கிடந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். முதலில் சுவரில் நூல் போல ஒரு வெடிப்பாம். ரோட்டை அகலமாக்க மலையடியை வெட்டிய பிறகு, ஒவ்வொரு மாரிக்கும் அது அகன்றதாம். இப்போது என் கை உள்ளே போனது. பக்கத்தில் ஊற்றுநீர் சேறாக வந்தது.

"காலையில தெளிவா வந்திச்சு. உள்ள மண்ணு கரையுது போல" என்றார்.

நான் பேசத் தயங்குகிறவன். ஆனாலும் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"றிஸ்னா இந்தப் பாதையால வரப்படா. புள்ள பசறைக்கு அங்கால பதுளை ஆசுபத்திரியில பொறக்கட்டும். நான் அவளோட நிக்கிறன். மலை காய்ஞ்சதும் நீ வா."

"மகள்ட கலியாணப் பேச்சிலயும் வாய் திறக்காத மனிசன், இப்ப கட்டளையா?" என்றாள். பிறகு மெதுவாக, "ஓம், அவள் தனியா இரிக்கப்படா. பத்திரம்" என்றாள்.

அன்சாரைத் திருப்பி அனுப்பினேன். கொடி இறங்கியதும் மலையைப் பார்த்தபடியே வேகமாக நடந்து தாண்டினேன். வெள்ளத்தில் எங்கள் ரோட்டு மறைந்தாலும் அடியில் அதே இடத்தில் கிடக்கும். இங்கே ரோட்டே பள்ளத்துக்குள் போய்விடுகிறது.

பசறையில் றிஸ்னா பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"வேன் எங்க வாப்பா?"

"திரும்பிப் போயிட்டுது மகள்."

பையை அவிழ்த்து, உடுப்புகளை அலுமாரியில் திரும்ப அடுக்கினேன்.